ஒடிந்த கால் யார் கணக்கில்?

அமெரிக்கக் கால்பந்தில் காலால் பந்தை உதைப்பது கொஞ்சம்தான். கையில் ஏந்தி ஓடுவார்கள், எறிவார்கள். எதிரணி மேலே பாய்ந்து அமுக்கும். ஆனாலும் அந்த ஆட்டத்தின் வரலாற்றில் ரசிகர்கள் மறக்க முடியாத காட்சிகளில் சில, ஒடிந்த கால்களின் காட்சிகள்தான்.

1985 நவம்பர் 18. வாஷிங்டன் அணியின் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மனுக்கு அப்போது வயது 36. நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியின் லாரன்ஸ் டெய்லர் பாய்ந்து வீழ்த்தியதில், அவரது வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்தன. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது. வீழ்த்திய டெய்லரே பதறிப்போய் மருத்துவர்களைக் கைகாட்டி அழைத்தார். தைஸ்மன் அதன்பின் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

சரியாக 33 ஆண்டுகள் கழித்து, 2018 நவம்பர் 18 அன்று, அதே வாஷிங்டன் அணியின் அலெக்ஸ் ஸ்மித்துக்கு அதே வலது கால், அதே இரண்டு எலும்புகள். இரண்டு ஆட்டங்களும் 23-21 என்றே முடிந்தன. ஊடகங்கள் இந்தத் தற்செயலைப் பேசிப் பேசியே ஓய்ந்தன. எனக்கு அதில் ஆர்வமில்லை. இந்த இரண்டு கால்களுக்கும் நடுவில் என்ன மாறியிருந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்மித்தின் காயத்துக்குள் சதையை அழிக்கும் கிருமி புகுந்துவிட்டது. உயிரா காலா என்ற நிலை. மொத்தம் 17 அறுவை சிகிச்சைகள். அழுகிய சதையை வெட்டி எடுத்து, இடது தொடைத் தசையை எடுத்து அங்கே வைத்தார்கள். எலும்பை நிறுத்த, காலைச் சுற்றி உலோக வளையங்களை மாட்டினார்கள். சோவியத் மருத்துவர் இலிசரோவ் உருவாக்கிய முறை அது. பிறகு டெக்சாஸின் சான் அன்டோனியோவில் உள்ள ராணுவ மறுவாழ்வு மையத்தில் பயிற்சி. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் வெடிகுண்டால் சிதைந்த கால்களோடு வந்த சிப்பாய்களுக்காக 2007-இல் திறக்கப்பட்ட இடம் அது. சிறப்பு அனுமதி பெற்றுத்தான் ஸ்மித் உள்ளே போனார். 693 நாட்கள் கழித்து, 2020 அக்டோபரில் மீண்டும் களமிறங்கினார்.

அந்த மன உறுதியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அடிபட்ட ஆண்டில்தான் அவர் 9 கோடியே 40 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் நீட்டியிருந்தார். அதில் பெரும்பகுதி உத்தரவாதமுள்ள தொகை. இரண்டு ஆண்டுகள் படுத்திருந்தாலும் வீட்டில் அடுப்பு எரியும்.

இப்போது இன்னொரு முழங்கால். மார்கஸ் லாட்டிமோர், கறுப்பின இளைஞர், தென் கரோலினா பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர். 2010-இல், முதல் ஆண்டிலேயே, 1,197 யார்டு ஓடினார். 2011-இல் இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்தது. 2012 அக்டோபர் 27 அன்று, 21 வயது நிறைய இரண்டே நாள் இருக்க, வலது முழங்கால் மூட்டே விலகியது. 2013-இல் சான் பிரான்சிஸ்கோ அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. ஓர் ஆட்டமும் ஆடாமல் 2014-இல் விடைபெற்றார்.

முதல் ஆண்டிலேயே இவ்வளவு திறமை இருந்தவர் ஏன் சம்பளம் தரும் தொழில்முறை லீக்குக்குப் போகவில்லை? போக முடியாது, தோழர்களே. பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் ஆகாதவரை அந்த லீக் எடுக்காது. மாரிஸ் கிளாரெட் என்ற வீரர் இதை எதிர்த்து வழக்குப் போட்டு, 2004-இல் மேல்முறையீட்டில் தோற்றார். ஆக, அந்த மூன்று ஆண்டுகளில் மூட்டு தேய்வதும் முறிவதும் கல்லூரிக் களத்தில்தான். அரங்கம் நிறைகிறது, தொலைக்காட்சிப் பணம் கொட்டுகிறது, பயிற்சியாளர் லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிறார். ஓடுகிறவருக்குக் கிடைத்தது கல்வி உதவித்தொகை. அந்தப் பெரிய அணிகளில் கறுப்பின மாணவர்களின் விகிதம், அதே வளாகங்களின் வகுப்பறைகளில் உள்ள விகிதத்தைவிடப் பல மடங்கு என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

இதற்குச் சட்டக் கவசமாக இருந்தது ஒரு சொல்: 'மாணவ விளையாட்டு வீரர்'. 1955-இல் கொலராடோவில் ரே டெனிசன் என்ற கல்லூரி வீரர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். தொழிலாளர் இழப்பீடு கேட்டு அவர் மனைவி வழக்காடினார். கல்லூரி கால்பந்து வியாபாரம் செய்யவில்லை என்று சொல்லி, 1957-இல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்தது. இப்படிப்பட்ட இழப்பீட்டுக் கோரிக்கைகளுக்குப் பயந்துதான் அந்தச் சொல்லை உருவாக்கிப் புழக்கத்தில் விட்டோம் என்று, தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தை நீண்டகாலம் நடத்திய வால்டர் பையர்ஸ் 1995-இல் தன் புத்தகத்திலேயே எழுதினார். சமூகவியல் மாணவர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். ஒருவருக்கு வைக்கும் பெயர் அவருடைய உரிமையைப் பறிக்கும் வேலையை எப்படிச் செய்கிறது என்பதற்கு இவ்வளவு வெளிப்படையான வாக்குமூலம் அடிக்கடி கிடைப்பதில்லை.

காப்பீடு இல்லையா என்று கேட்கலாம். உண்டு. பெரிய ஒப்பந்தம் கிடைக்கும் என்று கணிக்கப்படும் சிலர் தனியே காப்பீடு எடுக்கிறார்கள். மியாமியின் வில்லிஸ் மெகாஹி 2003 ஜனவரியில் இறுதி ஆட்டத்தில் முழங்கால் சிதைந்தபோது அப்படியொரு காப்பீடு வைத்திருந்தார். அவர் மீண்டு வந்து, 2004-இல் ஆயிரம் யார்டுக்கு மேல் ஓடினார். பெயர் வெளியே தெரியாத நூறாவது வீரரை யார் காப்பீடு செய்வார்கள்?

2025-இல் ஏற்கப்பட்ட சமரசத்தின்படி பல்கலைக்கழகங்கள் இப்போது வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். ஆனால் அந்தச் சமரசம் அவர்களை ஊழியர்கள் என்று ஏற்கவில்லை. டெனிசனின் மனைவி கேட்ட கேள்வி இன்னும் அங்கேயே நிற்கிறது.