குடி வந்த சொல்

திருநெல்வேலியிலிருந்து கோவைக்கு வீடு மாற்றிப் பால் காய்ச்சிய மறுநாளே சித்தி போனில் கேட்டார்: “என்னல, செட்டில் ஆயிட்டியா?” அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த எனக்கு, எதைக் கேட்கிறார் என்றே விளங்கவில்லை. வேலை கிடைப்பது, கல்யாணம் ஆவது, சொந்த வீடு கட்டுவது, பாக்கியைத் தீர்ப்பது எல்லாமே நமக்கு ‘செட்டில்’தான். ஆங்கிலத்தில் அதன் வேர், இருக்கையைக் குறித்த ஒரு பழஞ்சொல். நம் ‘அமர்தல்’ அதற்கு நேர். ஒரு படி மேலும்கூட. தொல்காப்பிய உரியியல் அமர்தலுக்கு விரும்பிப் பொருந்துதல் என்னும் பொருளைக் காட்டுகிறது. உட்கார்ந்தால் போதாது, இடம் மனசுக்குப் பிடிக்கவும் வேண்டும். ஆனால் வீட்டுக்கென்றே நம்மிடம் இருப்பது ‘குடி’. வீடு, குடும்பம், குலம், ஊர், நாட்டு மக்கள் என்று விரிந்துகொண்டே போன சொல் அது. குடிசையும் குடித்தனமும் குடிக்கூலியும் அதன் பிள்ளைகள். காரைக்குடியும் மன்னார்குடியும் குடியரசும் அப்படியே. ‘குடிமகன்’ என்றதும் மதுக்கடை நினைவுக்கு வருவது அதன் கெட்ட காலம். இலங்கைத் தமிழர் புதுமனை புகுவதைக் ‘குடிபூரல்’ என்பார்கள். குடிபுகுதலின் பேச்சு வடிவம். ‘குடியேறுதல்’ சரியான சொல்தான், ஆனால் அரசாங்கத் தாள்களில் கிடந்து விறைத்துப்போய்விட்டது. வேறு சொல் தேடி யோசித்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அம்மா கதவருகே வந்து, “புதுசா குடி வந்திருக்கீங்களாங்க?” என்றார். சொல் தெருவிலேயே உயிரோடு இருந்தது. சித்தியிடம் அன்றே சொன்னேன்: “குடி வந்தாச்சு சித்தி, அமரத்தான் கொஞ்ச நாளாகும்.”