முன்னாள் படைவீரர் இறுதி மரியாதையும் குடும்ப உரிமைகளும் (மதுரை)

முப்படைகளில் பணியாற்றி ஓய்வுபெற்றவர் மறைந்தபின் செய்யப்படும் மரியாதைகளையும், குடும்பத்துக்குச் சேர வேண்டிய உதவிகளையும் இது குறிக்கும். மதுரை மாவட்டத்தில் இவற்றுக்கு வழிகாட்டுவது மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம்.

மரியாதை: பணியின்போது உயிர்நீத்தவருக்கு முழுப் படை மரியாதை உண்டு. 2022 ஆகஸ்டில் ஜம்மு-காஷ்மீரின் ரஜௌரியில் நடந்த தாக்குதலில் வீரமரணமடைந்த ரைபிள்மேன் லட்சுமணனின் உடல் விமானத்தில் மதுரை வந்து, சொந்த ஊரான டி. புதுப்பட்டி பகுதியில் அம்மரியாதை பெற்றது. தேசியக் கொடியின் காவிப் பட்டை தலைப்பக்கம் இருக்கும்படி உடல்மீது போர்த்துவர். கொடியைக் குழியில் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது என்பது 2002ஆம் ஆண்டுக் கொடி விதி. வீரர்கள் துப்பாக்கிகளைத் தலைகீழாகப் பிடித்து நிற்க, பியூகிளில் இறுதி இசை ஒலிக்கும். ஓய்வுபெற்றவருக்கு இவையெல்லாம் தாமாக அமைவதில்லை. குடும்பத்தார் உடனே நல அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும்.

பதிவு: இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். நகரில் மாநகராட்சியிலும், கிராமங்களில் கிராம நிர்வாக அலுவலரிடமும் பதியலாம்.

ஓய்வூதியம்: சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு, தொடக்கத்தில் குறிப்பிட்ட காலம் கூடுதல் விகிதம் கிடைக்கும். இறப்புச் சான்று, படைவிடுப்புச் சான்று, ஓய்வூதிய ஆணை, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவை தேவை. ஆணையில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் பிழையாக இருந்தால் ஓய்வூதியம் தாமதமாகும். ஆகவே படைவீரர் உயிருடன் இருக்கும்போதே அவற்றைச் சரிபார்த்துத் திருத்திவைப்பது குடும்பத்துக்குச் செய்யும் பெரும் உதவி.