கதவுக்கு வெளியே நிற்கும் நிருபர்

1975 ஜூன் 26-ஆம் தேதி காலை. டெல்லி கரோல்பாகில் எங்கள் வீட்டு வாசலில் பேப்பர் விழவில்லை. அப்பாவுக்குப் பேப்பர் பார்க்காமல் காபி இறங்காது. "பேப்பர்காரன் இன்னிக்கு லீவு போட்டுட்டான் போல" என்று சொல்லிக்கொண்டே ரேடியோவைப் போட்டார். அதில் பிரதமர் இந்திரா காந்தியின் குரல். நாட்டில் நெருக்கடி நிலை வந்துவிட்டது என்பது எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது.

பேப்பர்காரர் மேல் தப்பே இல்லை என்பது பின்னால் தெரியவந்தது. முதல் நாள் இரவு, பத்திரிகை அலுவலகங்கள் வரிசையாக உள்ள பகதூர் ஷா ஜாஃபர் மார்க்கில் மின்சாரத்தையே நிறுத்திவிட்டார்கள். அந்தத் தெருவில் இல்லாத இந்துஸ்தான் டைம்ஸும் ஸ்டேட்ஸ்மனும் மட்டும் தப்பித்தன.

நெருக்கடி நிலை என்றால் நாம் எல்லோரும் தணிக்கை அதிகாரியின் கத்தரிக்கோலைத்தான் பேசுகிறோம். ஜூன் 28 அன்று இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கம் இருக்க வேண்டிய இடத்தை வெற்றிடமாக விட்டு அச்சிட்டது. அதைப் பார்த்தவர்களுக்கு விஷயம் புரிந்தது. ஆனால் ஆட்சியாளர் கையில் இன்னொரு ஆயுதமும் உண்டு. நிருபரை உள்ளேயே விடாமல் இருப்பது. அப்போது பத்திரிகையில் வெற்றிடம் எதுவும் தெரியாது. நமக்கு ஒன்று கிடைக்கவில்லை என்பதே நமக்குத் தெரியாமல் போய்விடும். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

இது வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம். 1878-இல் வைஸ்ராய் லிட்டன் பிரபு தாய்மொழிப் பத்திரிகைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். ஆங்கிலப் பத்திரிகைக்கு அது பொருந்தாது. நம் மொழிப் பத்திரிகைகளை மட்டுமே கட்டுப்படுத்தியது. கல்கத்தாவின் அம்ருத பஜார் பத்திரிகா உடனே ஆங்கிலத்துக்கு மாறித் தப்பித்துக்கொண்டது. அதே காலத்தில் அரசாங்கச் செய்திகளைப் பத்திரிகைகளுக்குக் கொடுக்க 'பிரஸ் கமிஷனர்' என்றொரு பதவியும் ஏற்பட்டது. ராப்பர் லெத்பிரிட்ஜ் என்பவர் அதில் அமர்ந்தார். ஒரு கை மிரட்ட, இன்னொரு கை செய்தியை அளந்து கொடுத்தது. ரிப்பன் பிரபு வந்த பிறகு 1882-இல் சட்டம் நீங்கியது. அளந்து கொடுக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு ஒரு நல்ல காரியம் நடந்தது. நாடாளுமன்றத்தில் பேசியதை உள்ளபடி வெளியிட்டால் பத்திரிகை மேல் வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பு 1956-இல் சட்டமாயிற்று. அதைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் ஃபெரோஸ் காந்தி. நேருவின் மாப்பிள்ளை, இந்திராவின் கணவர். அடுத்த ஆண்டே, ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் முந்த்ரா என்பவரின் கம்பெனிகளில் போடப்பட்ட விவகாரத்தை அவர் மக்களவையில் எழுப்பினார். நீதிபதி சாக்ளா பொதுமக்கள் முன்னிலையிலேயே விசாரணை நடத்தினார். 1958-இல் நிதியமைச்சர் பதவியிலிருந்து விலகியவர் நம்ம டி.டி. கிருஷ்ணமாச்சாரி. மாமனாரின் அரசையே மாப்பிள்ளை கேள்வி கேட்டதும், ஊர் முழுக்க அதைப் படித்ததும் கதவு திறந்திருந்ததால் நடந்தவை.

அந்தச் சட்டத்தை 1975 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டம் ரத்து செய்தது. ரத்து செய்தது ஃபெரோஸ் காந்தியின் மனைவியுடைய அரசு! அதற்கு முன்பே, 1975 ஜூலையில் கூடிய நாடாளுமன்றத் தொடரில் கேள்வி நேரம் கிடையாது. அமைச்சர் சொன்னதைப் போடலாம். எதிர்க்கட்சிக்காரர் என்ன பேசினார் என்று போடக்கூடாது. சிறையிலிருந்து வெளிவந்த ஏ.கே. கோபாலன் அந்தத் தொடரில் ஆற்றிய கண்டன உரையை மறுநாள் பேப்பரில் தேடியவர்களுக்கு ஏமாற்றம்தான்.

கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. நிருபர்கள் பலருடைய அரசு அங்கீகார அட்டை பறிபோனது. அட்டை இல்லையென்றால் அமைச்சகத்து வாசலைத் தாண்ட முடியாது. குல்தீப் நய்யார் மிசாவில் கைதானார். வெளிநாட்டு நிருபர்களிடம் தணிக்கை விதிக்குக் கட்டுப்படுவதாகக் கையெழுத்துக் கேட்டார்கள். மறுத்தவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று, பி.பி.சி.யின் மார்க் டல்லியும் கிளம்பினார். 1976 பிப்ரவரியில் பி.டி.ஐ., யு.என்.ஐ. உள்ளிட்ட 4 செய்தி நிறுவனங்களை 'சமாச்சார்' என்று ஒன்றாக்கினார்கள். நாலு குழாயில் வந்த தண்ணீருக்கு ஒரே குழாய். திறப்பதும் மூடுவதும் ஒருவர் கையில்.

1977 தேர்தலுக்குப் பிறகு ஃபெரோஸ் காந்தி சட்டம் திரும்ப வந்தது. 44-ஆவது திருத்தத்தின் மூலம் அந்தப் பாதுகாப்பு அரசியல் சட்டத்திலும் 361-ஏ பிரிவாக இடம்பிடித்தது. 'சமாச்சார்' 1978-இல் கலைந்தது. நடந்ததையெல்லாம் விசாரித்த ஷா கமிஷன் தன் அறிக்கைகளைக் கொடுத்தது. ஆனால் 1980-இல் ஆட்சி மாறியபின் அந்த அறிக்கையைத் தேடினாலும் கிடைப்பது அரிதாயிற்று. தன்னிடம் பத்திரமாக இருந்த பிரதியை 2010-இல் மறுபடி நூலாகக் கொண்டுவந்தவர் இரா. செழியன். டெல்லியில் பல ஆண்டுகள் மக்கள் பிரதிநிதியாக இருந்த தமிழர். நமக்கு அதில் ஒரு பெருமை உண்டு.

அதோடு தீர்ந்ததா? 2019 ஜூலையில், அங்கீகார அட்டை உள்ள நிருபரும் முன்னனுமதி பெற்றால்தான் நிதி அமைச்சகத்துக்குள் வரலாம் என்றார்கள். 2020-இல் கொரோனாவைக் காட்டி நாடாளுமன்றச் செய்தியாளர் மாடத்தில் ஆட்களைக் குறைத்தார்கள். கடைகளும் சினிமா கொட்டகைகளும் திறந்துவிட்டனவே, இங்கே மட்டும் ஏன் என்று கேட்டு, 2021 டிசம்பரில் டெல்லி நிருபர்கள் ஊர்வலம் போனார்கள். பழைய கட்டடத்து மைய மண்டபத்தில் எம்.பி.க்களும் மூத்த நிருபர்களும் காபி குடித்தபடி பேசிக்கொள்வதும் அதோடு நின்றது. அங்கே கட்சி வித்தியாசம் பார்க்காமல் காதில் விழுந்த பேச்சிலிருந்து எத்தனையோ செய்திகள் பிறந்தன.

எந்தக் கட்சியும் இதற்கு விலக்கில்லை. ஆளும்போது கதவைச் சாத்துகிறவர்களே எதிர்க்கட்சியானதும் பத்திரிகைச் சுதந்திரம் பேசுவார்கள். இதில் நாம் நிருபருக்காக இரக்கப்படுவது மட்டும் போதாது. அவர் உள்ளே போவது நமக்காக. நம் வரிப்பணம் எங்கே போகிறது என்று நாம் ஒவ்வொருவரும் நிதி அமைச்சகத்து வாசலில் போய்க் கேட்க முடியுமா?

அன்றைக்குப் பேப்பர் வராததால் அப்பாவுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்தது. இன்று பேப்பர் தினமும் வருகிறது, டி.வி. நாள் முழுக்கப் பேசுகிறது. பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்தி பார்க்கும்போது ஒன்றே ஒன்று கேட்கப் பழக்குவோம்: "இதை எழுதினவர் யாரைக் கேட்டு எழுதினார்? கேட்க விட்டாங்களா?"