கடுங்குற்ற வழக்குகளில் ஜாமீன் (இந்தியா)

கொலை, போதைப்பொருள் கடத்தல், பயங்கரவாதம் போன்ற வழக்குகளில் கைதானவரை விசாரணை முடியுமுன் வெளியே விடலாமா என்று நீதிமன்றம் எடுக்கும் முடிவு. சிறு குற்றங்களில் ஜாமீன் கைதானவரின் உரிமை. கடுங்குற்றங்களிலோ அது நீதிபதியின் விருப்புரிமை. சாட்சிகளை மிரட்டுவாரா, தலைமறைவாவாரா, குற்றம் எவ்வளவு கொடியது என்பவை அங்கே எடைபோடப்படுகின்றன.

1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் உயர் நீதிமன்றத்துக்கும் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கும் இதில் பரந்த அதிகாரம் தந்தது. மீரட் சதி வழக்கில் 1931இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், ஜாமீன் தருவதே விதி, மறுப்பது விலக்கு என்ற கருத்தை முன்வைத்தது. பிரிட்டிஷ் பேரரசுக்கு எதிரான சதி வழக்கிலேயே இப்படிச் சொன்னதுதான் இதன் சிறப்பு. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த 1973ஆம் ஆண்டுச் சட்டம் முன்ஜாமீனைச் சேர்த்தது.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்களின் நிலையை வெளிச்சமிட்டது 1978இன் மோதி ராம் வழக்கு. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஏழைக் கொத்தனாரான மோதி ராமிடம் மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்குப் பிணையாளர் கேட்டார். அவருடைய சகோதரர் முன்வந்தும், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று ஏற்கவில்லை. உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கடிந்து, 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார்.

பின்னர் வந்த சிறப்புச் சட்டங்கள் தராசைச் சாய்த்தன. தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் (1987–1995), அடுத்துத் திருத்தப்பட்ட போதைப்பொருள் சட்டம், பணமோசடித் தடுப்புச் சட்டம் ஆகியவற்றில், குற்றவாளி அல்ல என்று நம்ப இடமிருந்தால்தான் ஜாமீன். விசாரணைக்கு முன்பே தீர்ப்பைக் கேட்பது போன்ற நிபந்தனை இது. மும்பைத் தாக்குதலுக்குப் பின் 2008இல் உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்திலும் கடுமை கூடியது. போலீஸ் தரப்பு ஆவணங்களை ஜாமீன் கட்டத்தில் அலசி ஆராயக்கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றத்தின் வட்டாலி தீர்ப்பு சொன்னதும் வாசல் மேலும் குறுகியது.

நீதிமன்றங்கள் கண்ட மாற்றுவழி, வழக்கின் தாமதம். விசாரணை சீக்கிரம் முடியாதென்றால் உபா வழக்கிலும் ஜாமீன் தரலாம் என்றது உச்ச நீதிமன்றத்தின் நஜீப் தீர்ப்பு (2021). பணமோசடி வழக்கில் தமிழக அரசியல்வாதி செந்தில் பாலாஜிக்கு 2024 செப்டம்பரில் ஜாமீன் கிடைத்ததும் இதே காரணத்தால்தான். ஆனால் தாமதம் எவ்வளவு என்பதற்கு அளவுகோல் இல்லாததால் ஒரே மாதிரி வழக்குகளில் முடிவுகள் மாறுபடுகின்றன.

1973ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, முதல்முறை சிக்கியவர் உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால் ஜாமீன் பெற வழிசெய்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது.