சொன்னவர்களும் கேட்டவர்களும்: வாச்சாத்தி, 1992–2023

பழங்குடி மக்களுக்கு இழைத்த கொடுமைகளை அவர்கள் வாயாலேயே கேட்டறிய கனடாவில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2008 முதல் 2015 வரை இயங்கியது. தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்து மலையாளிப் பழங்குடியினருக்கு அப்படியோர் அவை வாய்க்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது சாட்சிக்கூண்டு மட்டுமே. அங்கு உண்மை நிலைபெற முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இந்தத் தாமதத்துக்கான காரணத்தைக் கேட்க வேண்டியவர்களிடம்தான் தேட வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

வாச்சாத்தி, சித்தேரி மலையடிவாரத்து ஊர். ஊர்க்கவுண்டர் முன்னிலையில் கூடி வழக்குப் பேசித் தீர்த்துக்கொள்வது இம்மக்களின் மரபு. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனம், காவல், வருவாய்த் துறையினர் 269 பேர் ஊருக்குள் புகுந்தனர். ஊராரை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்தனர். 18 பெண்களை வன்புணர்ந்தனர். அவர்களில் பள்ளிச் சிறுமியும் உண்டு. பின்னர் அரூர் வனத்துறை அலுவலகத்தில், ஊர்க்கவுண்டரைத் துடைப்பத்தால் அடிக்கும்படி அப்பெண்களையே கட்டாயப்படுத்தினர். இந்த ஒரு செயலை ஆய்வாளர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். ஊரார் தங்கள் துயரத்தை எவர் முன் சொல்வார்களோ, அவரையே சொல்பவர்களின் கையால் சிறுமைப்படுத்தினார்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க முடியாத நிலையை உண்டாக்கினார்கள். வீடுகளை இடித்தார்கள், கிணற்று நீரையும் பாழாக்கினார்கள். பெண்கள் 90, குழந்தைகள் 28, ஆண்கள் 15 என 133 பேர் சிறைக்குப் போனார்கள். மற்றவர்கள் மலைக்காடுகளில் ஒளிந்தார்கள்.

ஊரே சிதறிக் கிடந்த அந்த ஜூலையில் அவர்களைத் தேடிச் சென்று முதலில் காதுகொடுத்தது தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம். பெ. சண்முகம் உள்ளிட்டோர் திரட்டிய வாக்குமூலங்களைக் கொண்டு மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. நல்லசிவன் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆணையத்தின் பாமதி நேரில் விசாரித்து, நடந்தது உண்மை என்று அறிக்கை தந்தார். மாநில அரசோ மறுத்தது. பின்னர் சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 1995இல் வழக்கு சி.பி.ஐ.க்கு மாறியது. பிறகு அடையாள அணிவகுப்பு வந்தது. அந்தப் பெண்கள் சீருடைக்காரர் வரிசையின் முன் நின்று, ‘இவன்தான்’ என்று சுட்டினார்கள். மிரட்டலும் வறுமையும் சூழ்ந்த ஆண்டுகளில் அந்தப் பதினெட்டுப் பேரும் பிரியாமல் நின்றதுதான் வழக்கின் உயிர். உடைக்கப்பட்ட ஊர் அவை அவர்களுக்குள் மீண்டும் கூடியது என்றே இதை நான் வாசிக்கிறேன்.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்திருந்தனர். எஞ்சிய 215 பேருக்குத் தண்டனை. அவர்களில் 17 பேர் வன்புணர்வுக் குற்றவாளிகள்.

மேல்முறையீட்டின்போது, 2023 மார்ச்சில், உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கே சென்றார். சொல்ல வேண்டியவர்கள் நீதிமன்றப் படியேறியே வந்த நெடுங்கதையில், கேட்பவர் ஊர்தேடி வந்தது பெரிய திருப்பம். ஒப்பிட்டுப் பார்த்தால், வீரப்பன் தேடுதல் வேட்டையில் சித்திரவதைப்பட்டோருக்கு தேசிய மனித உரிமை ஆணையத்தின் சதாசிவா குழு விசாரணைக்குப் பின் இழப்பீடு கிடைத்தது, வதைத்தவர்களுக்குத் தண்டனை கிடைக்கவில்லை. வாச்சாத்தியில் இரண்டும் சேர்ந்தன. 2023 செப்டம்பர் 29 தீர்ப்பு தண்டனைகளை உறுதிசெய்து, பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்றது. அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டது. 1992இல் அந்தப் பெண்கள் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டிய நாற்காலிகள் அவைதாம்.