எர்ஃபுர்ட் நகரின் பழைய தொழுகைக்கூடம்

ஜெர்மனியின் நடுப்பகுதியில், தூரிங்கியா மாநிலத்தின் தலைநகரமாகத் திகழ்வது எர்ஃபுர்ட். வணிகப் பெருவழிகள் கூடிய இந்நகரில் இடைக்காலத்தில் யூதச் சமூகத்தார் சிறப்புற வாழ்ந்தனர். அவர்தம் தொழுகைக்கூடத்தின் மிகப் பழைய சுவர்ப்பகுதி கி.பி. 1094 அளவினதாகும். நடு ஐரோப்பாவில் கூரைவரை நிலைத்து நிற்கும் மிகத் தொன்மையான யூதத் தொழுகைக்கூடங்களுள் அது ஒன்று.

1349ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அச்சமூகம் அழிக்கப்பட்டது. கிணறுகளில் நஞ்சிட்டுக் கொள்ளைநோயைப் பரப்பினர் என்ற பொய்ப்பழி அக்காலத்தில் யூதர்மீது பல நாடுகளில் சுமத்தப்பட்டது. எர்ஃபுர்ட்டிலோ, நோய் வந்து சேருமுன்னரே படுகொலை நிகழ்ந்துவிட்டது. தொழுகைக்கூடம் வணிகரின் பண்டசாலையாயிற்று. அடியில் நிலவறை தோண்டப்பட்டது. சில ஆண்டுகளுக்குப்பின் யூதர் மீண்டும் வந்து குடியேறினர். நூறாண்டு கழிந்ததும் அவர்களும் வெளியேற நேர்ந்தது. அவர்தம் கல்லறைக் கற்கள் நகரத்தாரின் கட்டடங்களுக்குப் பயன்பட்டன.

ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் பண்டசாலையாக இருந்த அக்கட்டடம், 19ஆம் நூற்றாண்டில் உணவகமும் நடனக்கூடமும் ஆயிற்று. சுற்றிலும் எழுந்த கட்டடங்கள் அதனை மறைத்தன. நாஜிகள் ஜெர்மனியெங்கும் யூதத் தொழுகைக்கூடங்களைத் தீக்கிரையாக்கியபோது இது தப்பியதற்கு அம்மறைவே காரணம். மறதியே அதற்கு மதிலாயிற்று!

1990களில் ஆய்வாளர்கள் அதன் தொன்மையை வெளிக்கொணர்ந்தனர். 1998இல், அருகிலுள்ள தெருவொன்றில் நிகழ்ந்த அகழாய்வில், நிலவறை வாயிற்சுவரின் அடியில் ஒரு புதையல் கிடைத்தது. ஏறத்தாழ 3,140 வெள்ளிக் காசுகள், 14 வெள்ளிக் கட்டிகள், அணிகலன்கள் முதலான பொற்கொல்லர் வேலைப்பாடுகள் 700க்கும் மேற்பட்டவை அதில் இருந்தன. அவற்றுள் ஒன்று பொன்னாலான மணமோதிரம். அதன் உச்சியில் சிறு மாளிகையொன்று அமைந்துள்ளது; மணமக்களை வாழ்த்தும் எபிரேயச் சொற்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. 1349இல் அதனைப் புதைத்தவர் மீண்டு வந்து எடுக்கவில்லை.

2009இல் தொழுகைக்கூடம் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. புதையல் இன்று அதன் நிலவறையிலேயே காட்சிக்கு உள்ளது. அச்சமூகத்தாருக்குரிய எபிரேயச் சுவடிகள் பெர்லின் நூலகத்தில் இருப்பதால், அவற்றின் படிகள் மேல்தளத்தில் வைக்கப்பட்டுள்ளன. நடனக்கூடத்தின் எச்சங்களையும் அறிஞர்கள் அகற்றவில்லை; வழிபாட்டிடம் வேறாக மாறியதும் அதன் வரலாறே எனக் கொண்டனர். 2023இல் இத்தொழுகைக்கூடமும், 2007இல் வெளிப்பட்ட நீராட்டுச் சடங்குக் குளமும், பழைய கல்வீடு ஒன்றும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

கட்டியவர் மறைந்தனர், கல்லும் பொன்னும் ஏடும் எஞ்சின. அவை இன்னாருடையவை என்று கண்டறிந்து சொல்வதற்கு அறுநூற்றைம்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.