படகில் பாட்டு கேட்க ₹5,000 போதுமா? நாட்டுப்படகுக்கு ஏற்ற சவுண்ட் சிஸ்டம்... வாட்ஸை நம்பி ஏமாறாமல் அமைப்பது எப்படி?

ராத்திரி முழுக்க கடலில் வலை போட்டுக் காத்திருக்கும்போது தூக்கத்தை விரட்ட பாட்டைவிட நல்ல துணை கிடையாது. திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காடு தொடங்கி காட்டுப்பள்ளி, எண்ணூர் வரை பைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கார் ஸ்டீரியோ ஒன்றை வாங்கி, இரண்டு ஸ்பீக்கரை மாட்டி, படகு பேட்டரியில் இணைத்தால் வேலை முடிந்தது. ஆனால் ஆறே மாதத்தில் ஸ்பீக்கர் கரகரக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், விடியற்காலையில் ஜிபிஎஸ் ஸ்கிரீன் அணைந்து போவது. பாட்டு குடித்த அதே பேட்டரியில்தான் ஜிபிஎஸ், விளக்கு, வயர்லெஸ் எல்லாமே ஓடுகிறது.

குறைந்த செலவில், உப்புக்காற்றைத் தாங்கி, அவசரத்துக்கு இடைஞ்சல் செய்யாத சவுண்ட் சிஸ்டம் எப்படி அமைப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

பெட்டியில் 1000 வாட்ஸ்... உள்ளே எவ்வளவு?

கடையில் அட்டைப்பெட்டி மேல் '1000 வாட்ஸ்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். அது பிஎம்பிஓ கணக்கு. ஒரு நொடியில் ஒரு துளி நேரம் எட்டக்கூடும் என்று கம்பெனி சொல்லிக்கொள்ளும் உச்சம். பார்க்க வேண்டியது 'ஆர்எம்எஸ்' என்று போட்டிருக்கும் எண். தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி அதுதான்.

அட்டையை நம்ப வேண்டாம், பின்பக்கம் இருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். 10 ஆம்பியர் ஃபியூஸ் என்றால், 12 வோல்ட்டை 10-ஆல் பெருக்கினால் 120 வாட்ஸ். உள்ளே போவதே அவ்வளவுதான் எனும்போது வெளியே 1000 எப்படி வரும்?

படகில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. காரில் எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்கு மேல் தரும். கையால் சுற்றி ஸ்டார்ட் செய்கிற, ஆல்டர்னேட்டர் இல்லாத எஞ்சின் உள்ள படகில் பேட்டரி தரும் 12 வோல்ட்தான் மொத்தக் கையிருப்பு. அந்த வோல்ட்டேஜில் சாதாரண கார் ஸ்டீரியோ, 4 ஓம் ஸ்பீக்கரில் கரகரப்பில்லாமல் தரக்கூடியது ஒரு சேனலுக்கு 15 முதல் 18 வாட்ஸ். எந்த பிராண்ட் வாங்கினாலும் கணக்கு இதுதான். இதற்கு மேல் வேண்டுமென்றால் வோல்ட்டேஜை உயர்த்தும் தனி ஆம்ப்ளிஃபையர் வேண்டும். அது பேட்டரியை இன்னும் வேகமாகக் குடிக்கும்.

பேட்டரியை வதைக்காமல் சத்தம் கூட ஒரு வழி

ஸ்பீக்கர் விவரத்தில் 'சென்சிட்டிவிட்டி' என்று ஒரு எண் இருக்கும். 87 டெசிபல், 90 டெசிபல், 93 டெசிபல் என்று போட்டிருப்பார்கள். பெரும்பாலானவர்கள் கண்டுகொள்ளாத இந்த எண்தான் படகுக்கு ரொம்ப முக்கியம்.

ஆம்ப்ளிஃபையரின் வாட்ஸை இரண்டு மடங்கு ஆக்கினாலும் சத்தம் கூடுவது 3 டெசிபல்தான். அதே 3 டெசிபல், சென்சிட்டிவிட்டி 3 கூடுதலாக உள்ள ஸ்பீக்கரை வாங்கினால் தானாகவே கிடைக்கிறது. அதாவது 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு 60 வாட்ஸ் கொடுத்து வாங்கும் சத்தத்தை, 93 டெசிபல் ஸ்பீக்கர் 15 வாட்ஸிலேயே கொடுத்துவிடும். கோயில் திருவிழாவில் கூம்பு ஸ்பீக்கர் கொஞ்ச வாட்ஸில் ஊரையே எழுப்புவதும் இதனால்தான். பாட்டுக்குக் கூம்பு இனிமையாக இருக்காது என்பது வேறு விஷயம்.

பேஸ் வேண்டும் என்று சப்-ஊஃபர் மாட்டுவது திறந்த படகில் வீண் செலவு. காருக்குள் கதவும் கூரையும் சத்தத்தைத் திருப்பி அனுப்பும். கடலில் அப்படி எதுவும் இல்லை. மேலும் டீசல் எஞ்சினின் உறுமலும் பேஸ் சத்தமும் ஏறக்குறைய ஒரே தாழ்ந்த சுதியில் இருப்பதால், எஞ்சின் அதை அமுக்கிவிடும். இத்தனைக்கும் ஆம்ப்ளிஃபையர் அதிகமாகச் செலவழிப்பது பேஸுக்குத்தான். ஸ்டீரியோவில் பேஸைக் குறைத்து வைத்தாலே பாட்டின் வரிகள் தெளிவாகக் கேட்கும், பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கும்.

இடமும் முக்கியம். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் இறங்கும். எனவே ஸ்பீக்கரை அணியத்தில் வைத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்து வால்யூமை ஏற்றுவதைவிட, ஆள் இருக்கும் பக்கத்திலேயே வைத்து மெதுவாகக் கேட்பது புத்திசாலித்தனம்.

விடியும்வரை பேட்டரி நிற்குமா?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். படகில் 12 வோல்ட், 35 ஆம்பியர்-அவர் லெட்-ஆசிட் பேட்டரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 420 வாட்-அவர். லெட்-ஆசிட் பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுசு குறைந்துவிடும். ஆக நம்பி எடுக்கக்கூடியது 210.

10 வாட்ஸ் எல்இடி விளக்கு 10 மணி நேரம் எரிந்தால் 100 போய்விடும். ஜிபிஎஸ்ஸும், காத்திருப்பு நிலையில் உள்ள விஎச்எஃப் வயர்லெஸ்ஸும் சேர்ந்து 8 வாட்ஸ் என்றால் 10 மணி நேரத்துக்கு 80. மீதி 30 வாட்-அவர். சராசரியாக 30 வாட்ஸ் இழுக்கும் சவுண்ட் சிஸ்டம் இதில் ஓடுவது ஒரே ஒரு மணி நேரம். அதற்கு மேல் கேட்கும் ஒவ்வொரு பாட்டும் ஜிபிஎஸ், வயர்லெஸ்ஸின் பங்கிலிருந்துதான் போகும்.

இங்கே கவனிக்க வேண்டியது, பொருத்தப்பட்ட 25 வாட்ஸ் விஎச்எஃப் கருவி முழு சக்தியில் பேசும்போது 5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். காத்திருப்பு நிலையில் நன்றாக எரிந்துகொண்டிருக்கும் கருவி, தளர்ந்த பேட்டரியில் பேச பட்டனை அழுத்திய நொடியே அணைந்து போகலாம். ஆபத்து நேரத்தில் இப்படி நடந்தால் என்ன ஆகும்?

தீர்வு எளிது. பாட்டுக்குத் தனி பேட்டரி. யுபிஎஸ்ஸில் வருகிற 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் சீல்டு பேட்டரி தோராயமாக ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். பாதி வரை எடுத்தால் 42 வாட்-அவர். சராசரி 10 வாட்ஸில் 4 மணி நேரம் பாட்டு. 18 ஆம்பியர்-அவர் வாங்கினால் அதே கணக்கில் 10 மணி நேரத்துக்கு மேல். இரண்டு பேட்டரிக்கும் நடுவில் வயர் தொடர்பே இருக்கக் கூடாது. பாட்டு நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும், ஜிபிஎஸ் நிற்கக் கூடாது.

லித்தியம் பேட்டரி கனம் குறைவு, முக்கால் பங்குக்கு மேல் எடுக்கலாம், நீண்ட நாள் உழைக்கும். விலை அதிகம் என்பதால் 5,000 ரூபாய் பட்ஜெட்டுக்குள் கொண்டுவருவது கஷ்டம்.

காசை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்: வயர்

பத்து மீட்டர் மெல்லிய வயரில் எவ்வளவு வோல்ட்டேஜ் காணாமல் போகும் தெரியுமா? பேட்டரியிலிருந்து ஸ்டீரியோவுக்கு 5 மீட்டர் என்றால் போக, வர 10 மீட்டர். 0.75 சதுர மி.மீ. செம்பு வயரில் 5 ஆம்பியர் போனால் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே கரைந்துவிடும். 2.5 சதுர மி.மீ. வயரில் இழப்பு அரை வோல்ட்டைக்கூடத் தாண்டாது.

மலிவாகக் கிடைக்கும் சில வயர்களில் செம்பு பூச்சு மட்டும்தான் இருக்கும், உள்ளே அலுமினியம். நுனியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். மின்சாரம் கடத்துவதிலும் மட்டம், உப்புத் தண்ணீர் பட்டால் சீக்கிரம் பொடியாகிவிடும். வேண்டவே வேண்டாம். ஈயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் ரொம்ப நல்லது. கடல் படகுகளுக்கென்றே செய்யப்படுவது அது.

ஃபியூஸைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே, ஒரு சாணுக்குள் போடுங்கள். ஸ்டீரியோ பக்கம் போட்டால், நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆனால் அது காப்பாற்றாது. பக்கத்தில் டீசல் கேன் இருக்கிற இடம் இது என்பதை மறக்க வேண்டாம்.

உப்புக்காற்று எங்கே முதலில் கடிக்கும்?

ஸ்பீக்கர் கரகரப்பதற்குப் பெரும்பாலும் காரணம் பேப்பர் கோன். ஈரத்தில் ஊறி, வெயிலில் காய்ந்து, விறைத்துப் போகும். பாலிப்ராப்பிலீன் என்கிற பிளாஸ்டிக் கோனும், ரப்பர் ஓரமும் உள்ள 6 இன்ச் கார் ஸ்பீக்கர் இதற்குத் தாங்கும். 'மரைன்' முத்திரை உள்ள ஸ்பீக்கர் இன்னும் நல்லது, ஆனால் விலை சில மடங்கு கூட.

வயர் இணைப்புகளைச் சும்மா முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது பாதி வேலை. ஈயம் பற்றவைத்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டி, முனைகளில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். பேச்சுவாக்கில் எல்லாரும் 'வாட்டர் ப்ரூஃப்' என்று சொல்வார்கள். ஐபி 65 என்றால் தண்ணீர் பீய்ச்சி அடித்தால் தாங்கும், ஐபி 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது, உப்பு அரிப்பைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

எல்லாவற்றையும்விடச் சிறந்த பாதுகாப்பு, கழற்றி எடுத்துப் போகிற மாதிரி அமைப்பது. ஸ்டீரியோ போர்டு, பேட்டரி, இரண்டு ஸ்பீக்கர் எல்லாவற்றையும் பெயின்ட் அடித்த ஒரே பிளைவுட் பெட்டிக்குள் வைத்து, கயிற்றால் கட்டிக்கொள்ளுங்கள். கரைக்கு வந்ததும் வீட்டுக்குத் தூக்கிப் போகலாம், சார்ஜும் போட்டுக்கொள்ளலாம். வயரும் மிச்சம், திருட்டு பயமும் இல்லை.

பெட்டி வேண்டாம், படகிலேயே பொருத்துவேன் என்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பைபர் படகில் மிதப்புக்காக ஃபோம் அடைத்து மூடிய அறைகள் இருக்கும். ஸ்பீக்கருக்காக அங்கே ஓட்டை போடவே கூடாது. தண்ணீர் புகுந்தாலும் படகை மூழ்கவிடாமல் வைத்திருப்பது அந்த அறைகள்தான்.

திசைகாட்டி, வயர்லெஸ்... கவனம்!

ஸ்பீக்கருக்குப் பின்னால் இருப்பது பலமான காந்தம். திசைகாட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் முள் விலகும். செல்போனில் உள்ள திசைகாட்டிக்கும் இதே கதிதான். குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி வைத்துவிட்டு, ஸ்பீக்கரை நகர்த்திப் பார்த்து முள் ஆடுகிறதா என்று சோதியுங்கள்.

மலிவான எல்இடி விளக்கு, யுஎஸ்பி சார்ஜர், சில டிஜிட்டல் ஆம்ப்ளிஃபையர்கள் ரேடியோ இரைச்சலைக் கிளப்பி விஎச்எஃப் கருவியின் காதை அடைத்துவிடும். எல்இடி விளக்குகளால் இப்படி நடப்பது பற்றி அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2018-ல் பாதுகாப்பு எச்சரிக்கையே வெளியிட்டது. வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை இதற்கு உண்டு. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, விஎச்எஃப்பில் 'ஸ்க்வெல்ச்' குமிழை இரைச்சல் சரியாக நிற்கும் இடத்துக்குத் திருப்புங்கள். இப்போது சவுண்ட் சிஸ்டத்தை ஆன் செய்யுங்கள். மறுபடி இரைச்சல் வந்தால் குற்றவாளி அதுதான். பெட்டியைத் தள்ளி வையுங்கள், அப்போதும் நிற்காவிட்டால் போர்டை மாற்றுங்கள்.

₹5,000-ஐ எப்படிப் பிரிப்பது?

விலை கடைக்குக் கடை மாறும், இது தோராயக் கணக்கு. ப்ளூடூத், பென்டிரைவ் வசதியுடன் 12 வோல்ட் ஆம்ப்ளிஃபையர் போர்டு 700 ரூபாய்க்குள். சென்சிட்டிவிட்டி 90-க்கு மேல் உள்ள 6 இன்ச் ஸ்பீக்கர் ஜோடி 1,500 முதல் 2,000. பேட்டரி ஆயிரம். வயர், ஃபியூஸ், ஸ்விட்ச், ஹீட் ஷ்ரிங்க் எல்லாம் சேர்த்து 600. பிளைவுட், பெயின்ட் 500. மொத்தம் 5,000-க்குள் அடங்கும்.

பொன்னேரியில் புறநகர் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால், போர்டு, வயர் சாமான்களுக்கு சிந்தாதிரிப்பேட்டை பக்கம் ரிச்சி ஸ்ட்ரீட், கார் ஸ்பீக்கருக்கு அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. பாட்டை பென்டிரைவில் ஏற்றிக்கொள்வது நல்லது. போன் சார்ஜ் அவசரத்துக்கு மிச்சமிருக்கும்.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருப்பதால், இந்த வேலையை அப்போதே முடித்துவிடலாம். நாட்டுப்படகுக்காரர்களுக்கு வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு.

எப்போது அணைக்க வேண்டும்?

கைக்கு எட்டும் இடத்தில் ஒரே தட்டில் பாட்டை நிறுத்தும் ஸ்விட்ச் கட்டாயம் வேண்டும். வால்யூம் பட்டனைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. பழவேற்காடு முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அலை உடையும் இடத்தைக் கடக்கும்போது, முன்னால் நிற்பவர் கத்துவது பின்னால் எஞ்சின் பிடிப்பவர் காதில் விழ வேண்டும். எஞ்சின் சத்தம் மாறுவதும் கேட்க வேண்டும். அந்த நேரத்தில் பாட்டு வேண்டாம்.

விஎச்எஃப் சேனல் 16, உலகம் முழுக்க ஆபத்து அழைப்புக்கான சேனல். பாட்டு ஓடும்போதும் அதன் குரல் கேட்கும் அளவுக்குத்தான் வால்யூம் இருக்க வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்த மீனவர்களுக்குத் தகவல் போய்ச் சேராததுதான் பெரிய சோகம். அதன் பிறகுதான் படகுகளுக்கு செயற்கைக்கோள் வழி எச்சரிக்கைக் கருவிகள் வேகமெடுத்தன. 1 லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் மத்திய அரசுத் திட்டம் 2024 ஆகஸ்ட் 30-ல் தொடங்கியது. கருவி எச்சரித்தாலும் பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை என்றால் என்ன பயன்?

காதுக்கும் ஒரு எல்லை உண்டு. 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 94 டெசிபலில் ஒரே ஒரு மணி நேரம்தான். எஞ்சினோடு போட்டி போட்டு வால்யூமை ஏற்றினால் இந்த அளவு சுலபமாகத் தாண்டிவிடும். செல்போனில் இலவச டெசிபல் மீட்டர் ஆப் போட்டு ஒருமுறை அளந்து பாருங்கள்.

ஏரிக்குள் தொழில் செய்கிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. பழவேற்காடு ஏரி பறவைகள் சரணாலயம். குளிர்காலத்தில் பூநாரைகள் இரை தேடும் ஆழமில்லாத பகுதியில் ஸ்பீக்கர் சத்தம் பறவைகளைக் கலைத்துவிடும். அங்கே பெட்டியை அணைத்துவிடுங்கள்.

கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல் படையின் கட்டணமில்லா எண் 1554. பாட்டுப் பெட்டியின் மூடியிலேயே பெயின்ட்டால் எழுதி வைத்துக்கொள்ளலாம்.